பறவை முதுகில் ஒரு குடைக்கடை

ஜனவரி 9

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் "இது எல்லோரும் எழுதுவது" என்று சிவப்பு மையில் கோடு போடுவீர்கள். ஆகையால் நேரே பிள்ளைகளின் பெருமைக்கு வந்துவிடுகிறேன்.

என் பெரிய மகனின் பையன் பாலம் கட்டும் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அவன் போய்ப் பார்த்துத் தலையாட்டினால்தான் சிமெண்டே ஊற்றுவார்களாம். சின்ன வயதில் என் தையல் மெஷினின் பெல்ட்டைக் கழற்றி ஒளித்துவைத்த அதே தலைதான். அவன் தங்கைக்கு நீச்சலில் இரண்டாம் பரிசு. முதலில் வந்தவள் இவளைவிட ஒரு முழம் உயரம், கையை நீட்டினாலே கரை வந்துவிடும். அதனால் நம் பெண்ணையும் முதல் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் மகள் வீட்டு இரட்டையரில் ஒருவனுக்குப் பல் மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. மற்றவன் அதே வாரம் பந்தை வாயால் பிடித்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். அண்ணனுக்கு முதல் நோயாளி ஆயிற்று என்று அதையும் பெருமையில் சேர்த்துவிட்டேன்.

கடைசியாக நம் மூக்கி. என் சின்ன மகனுக்கும் உங்கள் மகளுக்கும் பிறந்து, என் மூக்கை அப்படியே வாங்கிக்கொண்டு, பெற்றவர்கள் கடல் தாண்டி வேலைக்குப் போன நாள் முதல் உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறவள். போன வருடம் கட்டுரைப் போட்டியில் முதல் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. போன் போட்டால் "ம், இருக்கா" என்று வைத்துவிடுகிறீர்கள். போன வாரம் கடிதம் வரவேண்டிய இடத்தில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது.

உள்ளே இருபத்தொரு கதைப் புத்தகங்கள். மேலே ஒரு துணிப்பையில் உதிர்ந்த தாள்கள். உங்கள் சீட்டு: "சட்டைக் காலருக்கு மாதிரி வெட்டத் தாள் இல்லை என்றீர்களே. பயன்படுத்திக்கொள்ளவும்."

சரி, டீச்சரம்மா சொன்னால் சரிதான் என்று உதிரித் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தேன். சாக்பீஸால் கழுத்துவளைவு போட்டேன். கத்தரிக்கோல் அரை அங்குலம் உள்ளே போய்விட்டது. அப்போது கண்ணில் பட்டது: "பறவை புரண்டு படுத்தால் அதன் முதுகிலிருக்கும் ஊர் முழுவதும் சரிந்துவிடும். ஆகவே அவள் தாலாட்டை நிறுத்தவே இல்லை."

கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். நாற்பது வருடத் தொழிலில் கத்தரி பாதி வழியில் நின்றது இதுதான் முதல் தடவை. தூங்குகிற பறவையின் முதுகில் ஒரு ஊரா? யாரம்மா இதையெல்லாம் யோசிக்கிறார்கள்?

இன்னொன்றும் பார்த்தேன். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் அட்டைக்குள்ளும் மூக்கியின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. "யார் படிக்கணும்: கோபமா இருக்கிறவங்க. இதயம்: ஐந்துக்கு ஆறு. கைக்குட்டை: பக்கம் 143-இல் கட்டாயம். முத்தம்: பக்கம் 220, பெரியவங்க பக்கத்தில் இருந்தால் இருமவும்." ஒவ்வொன்றுக்கும் இப்படி. நான் சட்டைக்கு அளவு எழுதுகிற மாதிரி அவள் கதைக்கு அளவு எழுதியிருக்கிறாள்.

இவ்வளவு உயிராக வைத்திருந்ததை எதற்கு வெட்டச் சொன்னீர்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி ஒரு தாளிலும் கத்தரி வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மூக்கு கொடுத்தவள்

---

ஜனவரி 17

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

பேரப்பிள்ளைகளின் வெற்றிகளுக்கு வாழ்த்துகள். பல் உடைந்ததை நான் வெற்றியாகக் கருதவில்லை.

பேத்தியை "மூக்கி" என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அவளுக்குப் பதினாறு வயது.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நவம்பர் மாதத் தேர்வில் அவள் கணிதத்தில் நாற்பத்தொன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் கணிதம் நடத்தியவளின் வீட்டில், அதே உணவு மேசையில் படித்து, நாற்பத்தொன்று. கணித நோட்டைத் திறந்தேன். வர்க்கமூலத்துக்கு நடுவே "பக்கம் 184!!!" என்று எழுதி மூன்று இதயம் வரைந்திருந்தாள். அன்று மாலை அலமாரியிலிருந்த எல்லாக் கதைப் புத்தகங்களையும் எடுத்தேன். இரண்டு புத்தகங்கள் அவள் கையில் இருந்தன. தர மறுத்தாள். நான் இழுத்தேன். அவள் விடவில்லை. ஒன்பது பத்துத் தடவை படித்து நைந்தவை. பசை விட்டு இரண்டும் தாள் தாளாகக் கூடத்தில் கொட்டின. நான் அழவில்லை. அவளும் அழவில்லை. அவள் ஒவ்வொரு தாளாகப் பொறுக்கி, ஒரு துணிப்பையில் போட்டு, என்னிடமே நீட்டினாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஆறு வாரமாக என்னிடம் அவள் பேசுவது ஒரே ஓர் எழுத்து: "ம்." சாப்பிட்டாயா, ம். குடை எடுத்துக்கொண்டாயா, ம். கணிதம் இப்போது தினமும் இரண்டு மணி நேரம் போடுகிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

போன திங்கள் பள்ளி விடுதிக்கான விண்ணப்பத்தை என் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தன் பெயர், வகுப்பு, இரத்த வகை எல்லாம் நிரப்பியாகிவிட்டது. காப்பாளர் கையொப்பம் மட்டும் காலி. கடைசித் தேதி மார்ச் 15. அவள் தந்தை, அதாவது உங்கள் மகன், "அவ இஷ்டம், அத்தை" என்றார்.

வீட்டில் அந்தப் புத்தகங்கள் இருக்கும்வரை எனக்கு அன்று மாலையே நினைவுக்கு வருகிறது. அதனால்தான் அனுப்பினேன். வெட்டிவிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை

---

பிப்ரவரி 2

டீச்சரம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் வெட்டவில்லை. நீங்கள் என்மேல் கோபித்துக்கொள்வதற்கு முன்னால் நான் ஒரு அதிசயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும்.

ஒரு முழுப் புத்தகம் படித்து முடித்துவிட்டேன்! நான்! அஞ்சாம் வகுப்போடு மெஷினில் உட்கார்ந்தவள்! இதற்கு முன்னால் நான் படித்ததில் நீளமானது மெஷினோடு வந்த விளக்கப் புத்தகம். அதிலும் பாதி படம்.

அந்தத் துணிப்பைத் தாள்களைத்தான் படித்தேன். முதலில் பக்க எண்படி அடுக்கினேன். அங்கேதான் வேடிக்கை. ஒவ்வொரு எண்ணிலும் இரண்டிரண்டு தாள்! பதினொன்றும் இரண்டு, பதின்மூன்றும் இரண்டு. எழுத்தும் ஒரே மாதிரி, தாளும் ஒரே நீளம் அகலம், டேப் வைத்து அளந்தே பார்த்தேன். சட்டைக்கு மேல்துணி, உள்துணி என்று இரண்டாக வெட்டுகிறோமே, அப்படி இந்தக் கதைக்கு என்று புரிந்துகொண்டேன். ஜோடி ஜோடியாக அடுக்கி, சாக்குத் தைக்கிற ஊசியால் ஓரத்தில் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் இரண்டு ஓட்டு ஓட்டி, மிச்சமிருந்த நீல ஜீன்ஸ் துணியில் அட்டை போட்டேன். யானை இழுத்தாலும் பிரியாது. டேப்பை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தேன்.

அம்மா, என்ன கதை! ஒரே பெண்ணுக்கு இரண்டு உலகம். ஒரு உலகத்தில் அவள் பெரிய பறவையின் காவல்காரி. அவள் தாலாட்டுப் பாடிக்கொண்டே இருந்தால்தான் பறவை தூங்கும், ஊர் நிற்கும். எதிரி தேசத்து இளவரசன் பறவையை எழுப்ப வருகிறான், வந்தவன் தாலாட்டைக் கேட்டுத் தானே தூங்கிவிடுகிறான். இன்னொரு உலகத்தில் அவளே பஸ் நிலையத்துப் பக்கத்தில் அப்பாவின் கடையில் குடை ரிப்பேர் பார்க்கிறாள். ஒரு பையன் தினமும் ஒரே குடையோடு வருகிறான். தினமும் ஒரு கம்பி உடைந்திருக்கிறது. அவளைப் பார்ப்பதற்காக அவனே உடைத்துக்கொண்டு வருகிறான்!

இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர் அவளுக்கு. அதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. எனக்கே வீட்டில் ஒரு பெயர், கடைத்தெருவில் ஒரு பெயர்.

பக்கம் 97-ஐக் கேளுங்கள். அந்தப் பையன் மூன்றாவது கம்பியை முழங்காலில் வைத்து உடைக்கிறான். அடுத்த தாளில், அதுவும் 97-தான், பறவை தூக்கத்தில் சிறகைச் சுளித்து முனகுகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது! குடைக்கம்பிதான் பறவையின் சிறகெலும்பு! இங்கே இவன் விளையாட்டாக உடைக்க உடைக்க அங்கே ஒரு ஊருக்கே ஆட்டம் கொடுக்கிறது. அவனுக்குத் தெரியாது! அவளுக்கும் தெரியாது! எனக்கு மட்டும்தான் தெரியும்! கடையில் பட்டன் தைக்கிறவளிடம் சொன்னேன். "அக்கா, அவன்கிட்ட யாராச்சும் சொல்லுங்களேன்" என்று ஊசியைக் கீழே போட்டுவிட்டாள்.

பக்கம் 184-இல் அந்த முத்தம் வந்ததும் நானே எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மூன்று இதயம் குறைவு.

ஒரு குறை. 211-ஆம் எண்ணில் மட்டும் ஒற்றைத் தாள். குடைக்கடைத் தாள் இல்லை. 210-இல் அவன் வாசலில் மழையில் நிற்கிறான், அவள் குடையை விரித்துப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள், தாள் முடிந்துவிட்டது. 213-இல் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் என்ன சொன்னாள்? பைக்குள் தட்டித் தட்டிப் பார்த்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். நான் யாருக்கும் எதையும் சும்மா சிபாரிசு செய்ய மாட்டேன், என் தையலைக்கூட. இதைச் செய்கிறேன். இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் அனுப்புகிறேன்.

விடுதிக்கெல்லாம் கையெழுத்துப் போடாதீர்கள்.

தையல் பாட்டி

---

பிப்ரவரி 12

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் உற்சாகத்தைக் கெடுக்க வருந்துகிறேன். ஆயினும் தவறு கண்ட இடத்தில் சொல்லாமல் இருக்க எனக்குப் பழக்கமில்லை.

அது ஒரே கதை அல்ல. இரண்டு வெவ்வேறு புத்தகங்கள். ஒன்று மாயக்கதை. மற்றொன்று காதல் கதை. இரண்டையும் ஒரே பதிப்பகம் ஒரே அளவில், ஒரே எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் கிடையாது. காவல்காரி வேறு பெண், குடைக்கடைப் பெண் வேறு பெண். குடைக்கம்பிக்கும் பறவையின் சிறகுக்கும் ஒட்டோ உறவோ இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள்: கிழிந்த அன்று இரண்டு மேலட்டைகளும் என் காலடியில் கிடந்தன. இப்போதும் என் அலமாரியில் உள்ளன.

நீங்கள் இரண்டு துணியைச் சேர்த்து ஒரு சட்டையாகத் தைத்திருக்கிறீர்கள்.

நேற்று அவள் "ம்" அல்லாத ஒரு வாக்கியம் பேசினாள். "ஃபார்ம்ல கையெழுத்து போட்டுடுங்க, பாட்டி." அவ்வளவுதான். "போடுங்க" என்றாள். முன்பெல்லாம் என்னிடம் "போடு" என்பாள். அந்த மரியாதையைக் கேட்டு நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

இங்ஙனம்,
டீச்சர்

பின்குறிப்பு: 184-ஆம் பக்கத்தில் முத்தமிட்டது யார்? காவல்காரியா, குடைக்கடைப் பெண்ணா? தகவலுக்காக மட்டுமே கேட்கிறேன்.

---

பிப்ரவரி 20

சம்பந்தியம்மாவுக்கு,

கடையில் பட்டன் துளைக்குக் காஜா போடுகிற பெண்தான் உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தாள், என் கையில் துணி இருந்ததால். "இரண்டு வெவ்வேறு புத்தகங்கள்" என்ற இடத்தில் அவள் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். பட்டன் தைக்கிறவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்களுக்குத்தான் தினமும் மத்தியானம் அந்தக் கதையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியது என் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு அது என் தப்பு மாதிரியே இருந்தது.

தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டையும் தனித்தனியாக்கி உங்களுக்கு ஒழுங்காக அனுப்பிவிடலாம் என்று. முதல் முடிச்சில் கத்தியை வைத்தேன். பிறகு 97-ஐப் பார்த்தேன். அவன் உடைக்கிறான், அது முனகுகிறது. 131-இல் குடைக்கடை அப்பா கறுப்புத் துணியை வெயிலில் உதறுகிறார். அடுத்த தாளில் பறவைக்கு மேலே மேகம் விலகுகிறது. 166-இல் காவல்காரி தாலாட்டு மறந்துபோய்த் தவிக்கிறாள். அடுத்த தாளில் குடைக்கடைப் பெண் வேலை செய்துகொண்டே என்னவென்று தெரியாமல் ஒரு பாட்டை முணுமுணுக்கிறாள். இதையெல்லாம் யார் சேர்த்து வைத்தது? எழுதினவர்கள் இல்லை என்கிறீர்கள். நானும் இல்லை, நான் எண் பார்த்துத்தான் அடுக்கினேன். கூடத்தில் கொட்டினபோது கலந்துபோனது, பொறுக்கினவள் மூக்கி. அப்படியானால் உங்கள் வீட்டில் நடந்த சண்டைதான் இதைச் சேர்த்தது. எந்த இடத்திலிருந்து எது வருகிறது பாருங்கள்.

என்னால் பிரிக்க முடியவில்லை. அதனால் புத்தகத்தை அப்படியே அனுப்பியிருக்கிறேன். பார்சலில் அந்தக் கத்தியும் இருக்கிறது, விரல் பத்திரம். நீங்கள் கணக்கு டீச்சர், உங்களால் முடிந்தால் பிரியுங்கள். ஆனால் ஒரே ஒரு வேண்டுகோள். பிரிக்கிறதுக்கு முன்னால் படியுங்கள்.

184-இல் முத்தமிட்டது இருவரும்தான். ஒரு தாளில் இவள், அடுத்த தாளில் அவள். போதுமா தகவல்?

தையல்காரி

---

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தியம்மா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்து எழுதுகிறேன். கிழிப்பதில் எனக்கு அனுபவம் உண்டென்று நீங்கள் நினைத்தால் அதுவும் நியாயமே.

பார்சல் வந்தது. கத்தியும் வந்தது. கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து இரண்டு பத்தி பிரித்தேன்: இடப்பக்கம் பறவை, வலப்பக்கம் குடை. ஒவ்வொரு தாளும் எந்தப் புத்தகத்தைச் சேர்ந்தது என்று குறித்துக்கொண்டு பிறகு பிரிப்பது என் திட்டம். குறிப்பதற்குப் படிக்க வேண்டியிருந்தது. நாற்பதாம் பக்கம்வரை நோட்டு ஒழுங்காக இருக்கிறது. அதற்குப் பிறகு காலி.

97 வந்தபோது சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததை மணத்தில்தான் தெரிந்துகொண்டேன். தொடர்பு இல்லையென்று உங்களுக்கு எழுதினேனே, அந்த வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். முப்பத்து நான்கு வருடம் சரி, தவறு என்று இரண்டே குறி போட்டவள் நான். தவறாகச் செய்த ஒன்று இவ்வளவு சரியாக வந்து நின்றால் அதற்கு என்ன குறி போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் அவள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். வழிந்த பாலைப் பார்த்தாள். என் கையில் நீல அட்டையைப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பாட்டி, அது... அது என் பறவை."

"ஆமா."

"நடுவுல என் குடை ஏன் வருது?"

"உன் தையல் பாட்டி தெச்சது. ஒரே கதைன்னு நெனச்சுட்டாங்க."

பக்கங்களைப் புரட்டினாள். முதலில் சிரிப்பு வந்தது. மூன்று மாதமாகக் கேட்காத சிரிப்பு, அந்த மூக்கு சுருங்க. "ஐயோ! இளவரசன் தூங்கி விழறான், அடுத்த பக்கம் அப்பா 'கடைய மூடுற நேரம்'ங்கிறாரு!" பிறகு சிரிப்பு நின்றுபோனது. பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே நின்று படித்தாள். ஐந்து பக்கம், பத்துப் பக்கம். "பாட்டி," என்றாள், குரல் மாறியிருந்தது. "இது ரெண்டையும் நான் பத்து தடவ படிச்சிருக்கேன். எனக்கு இது தெரியல. தையல் பாட்டிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

புரட்டிக்கொண்டே போனவள் 211-இல் நின்றாள். "ஒரு தாள் இல்ல. அன்னைக்கே தேடினேன். அதுதான் முக்கியமான தாள்."

சம்பந்தியம்மா, உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். அந்தத் தாள் தொலையவில்லை. அன்று நான் இழுத்தபோது என் கைக்குள் கசங்கி வந்தது அது. அவள் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கையைப் பிரித்து அவளிடம் கொடுத்திருக்கலாம். மூடியே வைத்திருந்தேன். மறுநாள் இஸ்திரி போட்டு மடித்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தேன். தினமும் அந்தக் கூட்டைத் திறக்கிறேன். தினமும் அதைப் படித்திருக்கிறேன். அந்த ஒரு தாளைத் தவிர முன்னும் பின்னும் எதுவும் தெரியாமலே.

நீங்கள் சோறு இறங்கவில்லை என்று எழுதியது அந்த வரிக்காகத்தானே. இதோ. மழையில் நிற்கிறவனிடம் அவள் உடைந்த குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்கிறாள்: "இனிமேல் எதையும் உடைத்துக்கொண்டு வராதே. சும்மா வா."

கூட்டைத் திறந்து அவளிடம் தாளைக் கொடுத்தேன். மன்னிப்பு என்ற சொல்லுக்காகத்தான் வாயைத் திறந்தேன். ஆயிரம் பிள்ளைகளை அந்தச் சொல்லைச் சொல்லவைத்தவளுக்குத் தனக்கென்று ஒன்று எடுக்கத் தெரியவில்லை. "நாற்பத்தொண்ணு வாங்கினாலும் வா. தொண்ணூறு வாங்கினாலும் வா. சும்மா வா," என்று மட்டும் சொன்னேன். அவள் தாளை வாங்கிக்கொண்டாள். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அவள் மேசையில் வைத்துவிட்டேன். நீங்கள் திட்டுவீர்கள். திட்டுங்கள். ஆனால் இழுப்பதை நான் ஒரு தடவை செய்து பார்த்தாயிற்று.

டீச்சர்

---

மார்ச் 16
(அஞ்சலட்டை)

சம்பந்தியம்மா,

நேற்றோடு கடைசித் தேதி போயிற்று. இன்று காலை படுக்கை விரிப்பை மாற்ற அவள் அறைக்குள் போனேன். தலையணைக்குப் பக்கத்தில் நீலப் புத்தகம். நடுவில் அடையாளத்துக்கு ஒரு தாள் நீட்டிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன், பார்த்தேன். நான் கையெழுத்திட்ட விண்ணப்பம். நான்காக மடித்து, பக்கம் 211-இல். காணாமற்போன தாளை அதன் இடத்தில் ஒட்டியிருக்கிறாள். முன்னட்டைக்குள் புதுச் சீட்டு. வரிக்கு வரி நகல் எடுத்திருக்கிறேன்:

"யார் படிக்கணும்: ரெண்டு பாட்டி இருக்கிறவங்க. இதயம்: எண்ண முடியல. கைக்குட்டை: 97, 166, 211. முத்தம்: 184, ரெண்டு தடவை. குறிப்பு: இந்தக் கதை கடையில் தனித்தனியா ரெண்டு புத்தகமா கிடைக்கும். அப்படி வாங்கி ஏமாறாதீங்க. கிழிச்சது டீச்சர் பாட்டி. தெச்சது தையல் பாட்டி. பொறுக்கினது நான்."

சாப்பிடக் கூப்பிட்டேன். "இரு, ரெண்டே பக்கம்," என்றாள். "இரு" என்றாள், சம்பந்தியம்மா. "இருங்க" இல்லை.

---

மார்ச் 25

என் டீச்சரம்மாவுக்கு,

அஞ்சலட்டையைக் காஜா போடுகிறவளிடம் கொடுக்கவில்லை, நானே சத்தமாகப் படித்தேன். "ரெண்டு பாட்டி இருக்கிறவங்க" என்ற இடத்தில் அட்டையை நீட்டிவிட்டேன். பட்டன் தைக்கிறவள் வாங்கி முடித்துவைத்தாள். பிறகு மூன்று பேரும் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். வாசலில் ஒரு அம்மா அளவு ரவிக்கையோடு நின்று நின்று பார்த்துவிட்டு, "இங்க என்ன, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்லம்மா, ஒரு பொண்ணு வீட்லயே இருக்கப் போறா," என்றாள் பட்டன்காரி. அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும், "நல்லதாப் போச்சு," என்றார்.

"இனிமேல் எதையும் உடைத்துக்கொண்டு வராதே. சும்மா வா." இப்படி ஒரு வரியை ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அதை ஒரு குழந்தை பத்துத் தடவை படித்திருக்கிறது, அது கசங்கி உங்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் போய் உட்கார்ந்து தன் நேரத்துக்காகக் காத்திருந்திருக்கிறது. பறவை முதுகில் ஊர் நிற்பதைவிட இதுதான் எனக்குப் பெரிய அதிசயமாக இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டதற்குத் திட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன். இப்போது திட்டு எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

இனி நீங்கள் படிக்க வேண்டியதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் மிச்சமிருந்ததில் ஏழு முடித்துவிட்டேன். பச்சை அட்டை போட்டதை முதலில் எடுங்கள்: கடலுக்கடியில் நட்சத்திரம் விளைகிறது, அறுவடைக்குப் போகிற அக்கா தங்கையில் ஒருத்திக்கு மூச்சு, மற்றவளுக்கு வெளிச்சம், ஒருத்தியை விட்டு ஒருத்தி நீந்த முடியாது. நான் குளிக்கும்போதுகூட மூச்சுப் பிடித்துப் பார்த்தேன். அடுத்து, கடிகாரம் துடைக்கிற பையனும் ஐந்து நிமிடம் முன்னால் வாழ்கிற பெண்ணும். அவள் ஏற்கெனவே சிரித்து முடித்த பிறகுதான் அவன் நகைச்சுவையே சொல்வான்! அதில் இரண்டாம் பாகம் உண்டாம், மூக்கியிடம் இருக்கிறதா கேளுங்கள், கெஞ்சியாவது வாங்குங்கள். சிவப்பு அட்டையை மட்டும் வேலை இருக்கிற நாளில் தொடாதீர்கள், எனக்கு அதனால் ஒரு பாவாடையில் இடுப்புப்பட்டி தலைகீழாகப் போய்விட்டது.

இருபத்தொன்றையும் நல்ல தடித்த துணியில் அட்டை போட்டு அடுத்த வாரம் அதே பெட்டியில் அனுப்புகிறேன். காலர் மாதிரிக்குச் செய்தித்தாள் போதும். நீலப் புத்தகத்தில் நான் அரை அங்குலம் வெட்டின இடத்தை மட்டும் ஒட்டாமலே தைத்திருக்கிறேன், மூக்கி அதைப் பார்த்து என்னைக் கேலி செய்யட்டும்.

பிள்ளைகளின் பெருமையில் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். பாலம், நீச்சல், பல் எல்லாவற்றுக்கும் மேலே. யாராவது கேட்டால் இனி இப்படிச் சொல்வேன்: என் சின்ன மகனின் பெண், இருக்கிறாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என்னிடம் இருப்பது அவளுடைய பள்ளி அடையாள அட்டைப் படம்; கேமராக்காரன் ஏதோ தப்பு செய்தது மாதிரி முறைக்கிறாள். புதிதாக ஒன்று எடுத்து அனுப்புங்கள். கையில் நீலப் புத்தகம் இருக்கட்டும். ஆனால் மூக்குக்குக் கீழே இறக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், என் மூக்கு முழுசாகத் தெரிய வேண்டும். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். எதற்கு, என்ன விசேஷம் என்று கேட்காதீர்கள். சும்மா நில்லுங்கள். எடுத்ததும் போனில் கீனில் அனுப்பாமல், சுவரில் ஆணியடித்து மாட்டுகிற மாதிரி பெரிதாகப் பிரதி போட்டு, தபாலில் சேர்த்துவிடுங்கள்.